நாலாம் நம்பர் காளான்

நவம்பர் 3, ஞாயிறு

மழை. குரங்குகள் குவார்ட்டர்ஸ் கூரைத் தகரத்தை மறுபடியும் பெயர்த்துவிட்டன. ஆபீசில் சொன்னால் மனு கொடுங்கள் மேடம் என்பார்கள். இதுவரை கொடுத்த மனுக்களை அடுக்கினாலே கூரை போட்டுவிடலாம். சமையலறையில் இரண்டு வாளி, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு குண்டான் வைத்திருக்கிறேன்.

கல்லூரிக் கூட்டுறவுச் சங்கம் கொடுத்த இந்த டைரிக்குக் கறுப்பு ரெக்சின் அட்டை. தேர்ந்தெடுத்தவன் வீட்டில் ஒரு வேலையும் செய்யாதவன் போலிருக்கிறது. கோலமாவு, சாக்பீஸ், முகப்பவுடர், எது பட்டாலும் காட்டிக்கொடுக்கிறது. தினமும் துடைத்துத்தான் எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது.

சாதிக் நேற்றும் ஹெர்பேரியம் சாவியைக் கேட்டான். உதவிப் பேராசிரியர், வந்து நான்கு வருடம் ஆகிறது. நான் மே மாதம் ஓய்வு பெறுவதற்கு நாள் எண்ணுகிறவர்களில் முதல் ஆள். உலர்ந்த காளான் மாதிரிகள் இருக்கும் ஆறு அலமாரிகளும் இருபத்தொன்பது வருடத்தில் நான் ஒருத்தியாக நிரப்பியவை. "ஒரு தடவை எல்லாத்தையும் சரிபார்த்துடலாம் மேடம்" என்கிறான். சரிபார்க்க இவன் யார்? சாவி என் இடுப்பில்தான் இருக்கும்.

துண்டறிக்கையின் இரண்டாம் பதிப்புக்கு மெய்ப்பு வந்திருக்கிறது. ‘உண்ணத் தகுந்த காட்டுக் காளான்கள் ஆறு’. மூன்று வருடத்துக்கு முன்னால் கீழ்மலை நாவக்காட்டில் மகளிர் குழுவுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தபோது நான் தயாரித்தது. முதல் தடவை இருநூறு பிரதி. இந்தத் தடவை ஐயாயிரம், மலைக் கிராமம் முழுக்கக் கொடுக்கப் போகிறார்கள். பதினெட்டாம் தேதிக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அட்டையில் என் போட்டோவைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கியிருக்கிறார்கள். அதற்கும் ஒரு கடிதம் எழுத வேண்டும்.

நவம்பர் 5, செவ்வாய்

பதினொரு மணி வகுப்பில் போன் வந்தது. அடிவாரத்து ஆஸ்பத்திரி டாக்டர். நாவக்காட்டிலிருந்து ஓர் அப்பாவும் மகளும் வாந்திபேதியோடு வந்திருக்கிறார்களாம். அப்பா முத்துக்காமு, காப்பித் தோட்டத்தில் வேலை. மகள் வைகைச்செல்வி, பதினொரு வயது. நேற்று ராத்திரி காட்டுக் காளான் குழம்பு சாப்பிட்டிருக்கிறார்கள்.

"மேடம், உங்க நோட்டீசைத்தான் காட்டறாங்க. அதுல நாலாம் நம்பர்னு சொல்றாங்க. சமைக்காத மிச்சம் கொஞ்சம் இருக்கு. போட்டோ அனுப்பட்டுமா?"

படம் வந்தது. வெள்ளைக் குடை, வெள்ளைத் தண்டு, தண்டின் நடுவில் சவ்வு போல ஒரு வளையம். அடிப்பகுதி இல்லை. அந்த ஊரில் காளானை யாரும் அடியோடு எடுக்க மாட்டார்கள். தண்டைத் திருகி ஒடித்து, அடியை மண்ணிலேயே விட்டு, மேலே மண்ணைத் தள்ளி மூடிவிட்டுத்தான் நகர்வார்கள். அடியைத் தோண்டினால் மறு வருடம் அந்த இடத்தில் முளைக்காது என்பது அவர்கள் எண்ணம். போகட்டும். பாதிக் காளானை வைத்துக்கொண்டும் என்னால் பெயர் சொல்ல முடியும்.

நாலாம் நம்பர்தான், வெள்ளைக் குடைக்காளான், தாராளமாகத் தின்னலாம் என்று சொன்னேன். மழையில் ஊறி நாள்பட்டதைப் பொறுக்கிச் சமைத்திருப்பார்கள், வயிறு கெட்டிருக்கும், அவ்வளவுதான். சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் வாந்தி வந்தது என்று கேட்டேன். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பாடு, காலை ஆறு மணிக்கு முதல் வாந்தி என்றார். பத்து மணி நேரம். வயிறு ஆளுக்கு ஆள் மாறும்.

சமைத்தவள் செவனம்மா, முத்துக்காமுவின் மனைவி. நன்றாக நினைவிருக்கிறது. பயிற்சியில் முன் வரிசையில் உட்கார்ந்து என்னைப் பேச விடாமல் கேள்வி கேட்டவள். அவள் மட்டும் சாப்பிடவில்லையாம். கந்த சஷ்டி விரதம், ஆறு நாளும் பாலும் பழமும்தான். வீட்டில் கவுச்சி புழங்கக் கூடாது என்று மற்றவர்களுக்குக் காளான் குழம்பு வைத்திருக்கிறாள். நல்ல விரதம்.

நவம்பர் 6, புதன்

அப்பாவும் மகளும் தேறிவிட்டார்களாம், இட்லி சாப்பிட்டார்களாம், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான்தான் சொன்னேனே.

நவம்பர் 7, வியாழன்

ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும் சாதிக் கேட்டான். "மேடம், சாப்பிட்டு எத்தனை மணி நேரம் கழிச்சு வாந்தி ஆரம்பிச்சுதுன்னு டாக்டர் சொன்னாரா?"

"சொல்லலை."

"உடனே வந்தா பயமில்லை மேடம். ஆறு மணி நேரத்துக்கு மேல ஆகி வந்திருந்தா..."

"எனக்குப் பாடம் எடுக்கறீங்களா சாதிக்?"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவன் எழுந்து போய்விட்டான். அந்த மட்டும் நாகரிகம் தெரிகிறது.

அவன் சொல்ல வந்தது எனக்குத் தெரியாததா? முப்பது வருடமாக நான் பலகையில் எழுதுவதுதான். அமானிட்டா என்று ஓர் இனம். அதில் சில வகை ஆளைக் கொல்லும். தின்ற பிறகு ஆறேழு மணி நேரம் ஒன்றும் தெரியாது. அப்புறம் வாந்திபேதி. அப்புறம் ஓரிரு நாள் ஆள் தெளிந்துவிடுவான், சாப்பிடுவான், நடப்பான். அந்த நாட்களில்தான் விஷம் உள்ளே ஈரலை அரிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. இதை நான் சொல்லும்போது மாணவர்கள் எல்லோரும் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அமானிட்டாவுக்கு மண்ணுக்குள் அடித்தண்டைச் சுற்றி ஒரு பை இருக்கும், உடைந்த முட்டை ஓடு மாதிரி. அதுதான் பெரிய அடையாளம். என்னிடம் இருக்கும் நாலாம் நம்பர் மாதிரியில் பை இல்லை. அதோடு இந்தப் பேச்சு முடிந்தது.

குண்டான் நிரம்பி வழிந்து பாய் நனைந்துவிட்டது. இன்று சூரசம்ஹாரம் என்று கீழே மைக்கில் கத்திக்கொண்டே இருந்தார்கள்.

நவம்பர் 8, வெள்ளி

இரண்டு பேருக்கும் கண் மஞ்சளாகிவிட்டதாம். முத்துக்காமு ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுகிறானாம். காலையில் மதுரைக்குக் கொண்டு போய்விட்டார்கள். மஞ்சள் காமாலை மலையில் எப்போதும் இருப்பதுதான். ஊற்றுத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கிறவர்கள்.

ஆஸ்பத்திரிக் குளிர்பெட்டியில் வைத்திருந்த மிச்சக் காளானை டாக்டர் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். கண்டக்டர் டப்பாவை என் மேஜையில் வைத்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே போனான். மூன்று குடைகள். மூன்றும் அடியில்லாதவை.

சாயங்காலம் ஒரு குடையைத் தாளின்மேல் கவிழ்த்து, கண்ணாடிக் கிண்ணத்தால் மூடி வைத்தேன். குடையின் அடி மடிப்புகளிலிருந்து வித்துத் தூள் தாளில் உதிரும். அதன் நிறத்தை வைத்துத்தான் இனத்தை முடிவு செய்ய வேண்டும். வெள்ளைக் குடைக்காளானுக்குத் தூள் சாக்லேட் நிறம். ஆகவே வெள்ளைத் தாள் வைத்தேன்.

நவம்பர் 9, சனி

தாளில் ஒன்றும் இல்லை. காளான் இளசு, தூள் விழவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னும் இப்படித்தான் ஆயிற்று.

சாதிக் எட்டிப் பார்த்தான். "கறுப்புத் தாள்லயும் வெச்சீங்களா மேடம்? பாதி வெள்ளை, பாதி கறுப்பு வெக்கறதுதானே வழக்கம்?" கறுப்புத் தாள் ஸ்டாக் இல்லை என்றேன். அவன் போனதும் அலமாரியைத் திறந்தேன், ஒரு கட்டு இருந்தது. யாரோ இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். தாளைக் கசக்கிக் குப்பையில் போட்டேன். மூன்று குடைகளையும் அதிலேயே போட்டேன். நாற ஆரம்பித்துவிட்டன.

மத்தியானம் தெரிந்தது. இந்த சாதிக் நேற்றிரவே மதுரை டாக்டருக்குப் போன் போட்டிருக்கிறான். முதல் வாந்தி எத்தனை மணிக்கு என்று அடிவாரத்து டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, இது ஈரலைத் தாக்கும் காளான் என்றே வைத்துக்கொண்டு வைத்தியம் பாருங்கள், காத்திருக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறான். அவர்களும் அதற்கான மருந்தை ராத்திரியே ஏற்றத் தொடங்கிவிட்டார்களாம். துறையின் மூத்த பேராசிரியர் ஒருத்தி இங்கே உயிரோடு இருக்கிறாள். அவள் சொன்னதற்கு மாறாக, அவள் முதுகுக்குப் பின்னால்! கல்லூரி முதல்வருக்கு இரண்டு பக்கத்தில் புகார் எழுதினேன்.

இன்னும் கொடுக்கவில்லை. கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. பச்சைத் தண்ணீரில் குளித்ததில் முழங்கால் பிடித்துக்கொண்டது.

நவம்பர் 10, ஞாயிறு

முத்துக்காமு இறந்துவிட்டான்.

நவம்பர் 11, திங்கள்

இன்ஸ்பெக்டர் வந்தார். நாற்காலியில் உட்காரும் முன்பே என் அலமாரிகளைப் பார்த்து, "இதெல்லாம் திங்கிறதுக்கா மேடம்?" என்று கேட்டார். அறிவுள்ள ஆள் கிடைப்பது இந்த மலையில் கஷ்டம்.

துண்டறிக்கையை மேஜையில் விரித்து நாலாம் நம்பர் மேல் விரலை வைத்தார்.

"சமைச்சவ சாப்பிடல மேடம். எனக்கு அது ஒண்ணு போதும். அந்தாளு குடிச்சிட்டு அடிப்பான்னு ஊரே சொல்லுது. வீட்டுக் கூரையில தோட்டத்துப் பூச்சி மருந்து டப்பா ஒண்ணு சொருகி வெச்சிருந்தா. லேப் ரிசல்ட் வர மூணு மாசம் ஆகும். இது நல்ல காளான்தான்னு நீங்க எழுதிக் கொடுத்துட்டீங்கன்னா, குழம்புல வேற என்னமோ கலந்திருக்குன்னு ஆயிருது. மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்."

"கெட்ட காளான்னு எழுதினா?"

"அப்ப யாரு நல்ல காளான்னு சொன்னதுன்னு கேக்க வேண்டியிருக்கும்." சிரித்தார். "நீங்க அப்படி எழுத மாட்டீங்கன்னு தெரியும்."

திங்கட்கிழமை பதினெட்டாம் தேதிக்குள் அறிக்கை தருவதாகச் சொன்னேன். அதே நாளில்தான் மெய்ப்பும் போக வேண்டும். இரண்டுக்கும் ஒரே கையெழுத்து.

வைகைச்செல்வி இன்னும் தீவிரப் பிரிவில் இருக்கிறாள். அம்மாவை உள்ளே விடவில்லை, வாசலில் ஒரு போலீஸ்காரி நிற்கிறாள் என்று இன்ஸ்பெக்டரே சொன்னார். மகளுக்கும் அவள்தானே விஷம் வைத்தவள் ஆகிறாள்? ஒருத்தி புருஷனைக் கொல்ல நினைத்தால் பிள்ளைக்கு ஏன் அதே குழம்பை ஊற்றுகிறாள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அது என் துறை இல்லை.

நவம்பர் 13, புதன்

காளான் பறித்த இடத்தைப் பார்க்க நாவக்காடு போனோம். ஜீப்பில் முன்னால் இன்ஸ்பெக்டரும் நானும், பின்னால் செவனம்மாவும் ஒரு பெண் போலீசும். வழி முழுக்க செவனம்மா கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

காப்பித் தோட்டம் முடிந்து மேலே பைன் தோப்பு. ஊசி இலைகள் மெத்தை மாதிரி கிடந்தன. அவள் நேராகப் போய் ஒரு மரத்தடியில் நின்றாள்.

"இங்கிட்டுத்தேன். நாலு இருந்துச்சு, அங்கிட்டு மூணு. ஒடிச்சிட்டு மண்ணப் போட்டு மூடிட்டேன்."

"எதுக்கு இவ்வளவு தூரம் ஏறி வந்த?" என்றார் இன்ஸ்பெக்டர். "ஊருக்குப் பக்கத்துலயே காளான் கெடைக்காதா?"

"நாங்க புத்துக் காளான் மட்டுந்தேன் சார் திம்போம். இந்த வருசம் மழை பிந்திருச்சு, புத்துல ஒண்ணுமே மொளைக்கல. வெரத வீட்டுல கொழம்புக்கு ஒண்ணுமில்ல. சுவத்துல டீச்சரம்மா நோட்டீசு ஒட்டியிருந்துச்சு. அதுல இது இருந்துச்சு."

"முன்ன இதத் தின்னதே இல்லையா?"

"டீச்சரம்மா சொல்றதுக்கு முன்னாடி எங்க ஊர்ல யாரும் இதக் கையால தொட்டதில்ல சார். பயிற்சி அன்னைக்கு நான்தேன் பறிச்சிக் கொண்டாந்து குடுத்தேன். இது ஆகுமா ஆகாதான்னு கேக்குறதுக்குத்தேன் கொண்டாந்தேன். ஆகும்னாங்க."

நான் ஊசி இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மண் மேடு தெளிவாகத் தெரிந்தது. கை அகலத்துக்கு நான்கு சிறிய மேடுகள். கீழே ஒடிந்த அடிகள் இருக்கும். இரண்டு விரல் ஆழம் தோண்டினால் போதும்.

"தோண்டிப் பாக்கணுமா மேடம்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

மழை தூற ஆரம்பித்திருந்தது. மண்வெட்டிக் கரண்டி ஜீப்பில் இருந்தது. முழங்காலை மடக்க முடியவில்லை. ஒன்பது நாளில் அழுகியிருக்கும், தேவையில்லை என்றேன்.

செவனம்மா என் காலைப் பார்த்தாள், மேட்டைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். திரும்பி வரும்போது கண்ணாடியில் என்னைப் பார்க்கவில்லை.

நவம்பர் 14, வியாழன்

அறிக்கை எழுத உட்கார்ந்தேன். ‘மேற்படி காளான் உண்ணத் தகுந்த இனத்தைச் சேர்ந்தது’ என்ற வரி வரை வந்தது. அடுத்த வரி வரவில்லை. பேனா சரியில்லை.

சாதிக் பழைய நாலாம் நம்பர் மாதிரியை உறையோடு பார்க்க வேண்டும் என்று எழுத்து மூலமாகவே கேட்டிருக்கிறான். சாவி தொலைந்துவிட்டது என்று பதில் எழுதினேன். எழுதும்போது அது இடுப்பில் குத்தியது.

நவம்பர் 15, வெள்ளி

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மூன்று மணிக்கு ஆய்வகத்தில் தனியாக இருந்தேன். வாசலில் செவனம்மா நின்றாள். மதுரையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் ஊருக்கு வந்து, விடிந்ததும் காட்டுக்குப் போய்விட்டு நேராக இங்கே வந்திருக்கிறாள். புடவை முழங்கால் வரை சேறு. கையில் ஒரு தூக்குவாளி.

"யாரைக் கேட்டு உள்ள வந்தே?"

அவள் வந்து வாளியை என் மேஜைமேல் வைத்தாள். பேப்பர்கள் மேலேயே வைத்தாள். மூடியைத் திறந்தாள். உள்ளே மண்ணோடு ஒரு கட்டி.

"நீங்க தோண்ட மாட்டேன்னுட்டீங்க. நான் தோண்டிட்டேன். எங்க ஊர்ல அடியத் தோண்டுன மொத ஆளு நான்தேன். இனி அங்க மொளைக்காட்டிப் போவுது."

மூன்று அடிகள். இரண்டு அழுகிக் கூழாகியிருந்தன. மூன்றாவது ஈர மண்ணுக்குள் கெட்டியாக இருந்தது. ஒடிந்த தண்டின் முனை, அதைச் சுற்றி வெள்ளையாக, உடைந்த முட்டை ஓடு மாதிரி ஒரு பை.

"இது என்ன டீச்சரம்மா?"

நான் வாளியை மூடப் போனேன், அவள் மூடியை எடுத்துக்கொண்டாள்.

"உங்க நோட்டீசுப் படத்துல இது இல்லயே."

"நீ கொண்டுவந்து கொடுத்ததில இல்லை!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. "நீதான் ஒடிச்சுக் கொண்டுவந்தே. பாதியக் கொண்டுவந்து நீட்டினா நான் என்ன செய்வேன்? தோண்டக் கூடாதுன்னு எவன் சொன்னான் உங்களுக்கு?"

"ஆமா. நான்தேன் ஒடிச்சேன்." அவள் கத்தவில்லை. "எனக்குத் தெரியாது. நான் படிக்காதவ. உங்களுக்குத் தெரியுமில்ல? அன்னைக்கே 'அடி எங்கடி'ன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா ஓடிப் போயித் தோண்டிக் கொண்டாந்திருப்பேனே. அரை மணி நேரம். கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அன்று அச்சகத்துக்குப் படம் அனுப்பக் கடைசி நாள். ஆறு என்று தலைப்புப் போட்டாகிவிட்டது. ஐந்துதான் கையில் இருந்தன.

"ஏம் புருசனக் கொன்னேன்னு என்னையக் கொண்டு போகப் போறாக. அந்தாளு நல்லவன்னு நான் சொல்ல வரல. எம் மேல கை வெச்ச நாளெல்லாம் செத்துப் போடான்னுதேன் வஞ்சிருக்கேன். ஆனா சோத்துல வெக்க மாட்டேன். அது கெடக்கட்டும், போறேன். நேத்து ஒரு நிமிசம் உள்ள விட்டாக. எம் மக கண்ணத் தெறந்து கேட்டா. 'அம்மா, நீ ஏன் திங்கல?'ன்னு கேட்டா. போலீசுக்காரி பக்கத்துல நிக்கிறா. அவளுக்கு நான் என்ன சொல்றது? நீங்க படிச்சவங்க, சொல்லிக் குடுங்க."

"வெளிய போ," என்றேன்.

அவள் போய்விட்டாள். வாளியை எடுத்துக்கொண்டு போகவில்லை.

நவம்பர் 16, சனி

தூங்கவில்லை. காலை ஆறு மணிக்கு ஹெர்பேரியத்தைத் திறந்தேன். மூன்றாவது அலமாரி, நான்காவது தட்டு. மூன்று வருடத்தில் ஒரு தடவை கூட நான் இந்தத் தட்டைத் திறந்ததில்லை. மெய்ப்பு வந்தபோது கூடத் திறக்கவில்லை. ஏன் என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன், பதில் தெரியாத மாதிரி.

உறையின் மேல் அடையாளச் சீட்டு. என் கையெழுத்து, அப்போது இன்னும் கொஞ்சம் அழகாக இருந்தது. ‘வெள்ளைக் குடைக்காளான். நாவக்காடு, பைன் தோப்பு. சேகரித்தவர் செவனம்மா. இளசு. வித்துத் தூள் விழவில்லை. இனம் கண்டவர் வ. லோகநாயகி.’

உள்ளே காய்ந்து சுருங்கிய இரண்டு குடைகள். கூடவே அன்று கவிழ்த்து வைத்த தாள், நான்காக மடித்தது. ஹெர்பேரியத்தில் எதையும் எறிய மாட்டோம். அது எங்கள் பழக்கம். மாதிரியோடு வந்தது எல்லாம் மாதிரியோடுதான் இருக்கும், உபயோகமில்லாத தாள் உட்பட.

தாளைப் பிரித்தேன். வெள்ளைத் தாள், சுத்தமாக இருந்தது. ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. நடுவில் விரலை வைத்து இழுத்தேன். வழுவழுவென்று இருந்தது, முகப்பவுடர் மாதிரி.

மேஜையில் இந்த டைரி கிடந்தது. அதன் அட்டைமேல் விரலை அழுத்தினேன். எடுத்தபோது கறுப்பில் என் விரல் ரேகை வெள்ளையாகப் பதிந்திருந்தது.

தூள் விழுந்திருக்கிறது. அன்றைக்கே விழுந்திருக்கிறது. வெள்ளைத் தூள், அமானிட்டாவின் தூள், வெள்ளைத் தாளில். சாக்லேட் நிறம் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். வராததை ‘விழவில்லை’ என்று எழுதிவிட்டேன். முதல் வருட மாணவி செய்திருந்தால் எல்லோர் முன்னும் நிற்க வைத்துத் திட்டியிருப்பேன்.

அன்று செய்தது தவறு. எட்டாம் தேதி மறுபடியும் வெள்ளைத் தாளை எடுத்தேனே, அது தவறு இல்லை, தெரிந்தே செய்தது. அலமாரியில் கறுப்புத் தாள் இருந்தது எனக்குத் தெரியும். தூள் தெரிந்துவிடும் என்று பயந்துதான் வெள்ளைத் தாளை எடுத்தேன். பத்து மணி நேரம் என்று டாக்டர் சொன்ன நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றே சொல்லியிருந்தால் இட்லி கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள். மூன்று நாள். முத்துக்காமுவுக்கு அந்த மூன்று நாள் கிடைக்கவில்லை.

மதுரைக்கு நானே போன் செய்தேன். வைகைச்செல்விக்கு மஞ்சள் இறங்குகிறதாம், பிழைத்துவிடுவாள் என்றார் டாக்டர். "உங்க காலேஜ்காரர் அன்னைக்கு ராத்திரி போன் பண்ணலைன்னா கஷ்டம்தான் மேடம்," என்றார். அவர்தான் செய்தார், நான் செய்யவில்லை என்று சொன்னேன். கிழித்துப் போட வேண்டிய புகார் இரண்டு பக்கம் கைப்பையில் இருந்தது. கிழித்தேன்.

நவம்பர் 17, ஞாயிறு

ஒரு மாதிரியின் பெயர் தவறு என்று தெரிந்தால் பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது, அடிக்கக் கூடாது. அதன் கீழேயே புதிய சீட்டு ஒட்டி, சரியான பெயரும் திருத்தியவர் பெயரும் தேதியும் எழுத வேண்டும். யார் எப்போது என்ன நினைத்தார்கள் என்பது அழியாமல் இருக்க வேண்டும். அடுத்தவர்கள் சீட்டுகளுக்குக் கீழே இப்படி எத்தனையோ ஒட்டியிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் சந்தோஷமாக. இன்று ஒட்டினேன். இரண்டு சீட்டிலும் ஒரே பெயர்.

செவனம்மாவின் தூக்குவாளியிலிருந்து அந்த அடியை எடுத்து உலர வைத்தேன். அதற்கும் சீட்டு எழுதினேன். சேகரித்தவர் செவனம்மா. ‘தோண்டி எடுத்தது’ என்றும் எழுதினேன்.

சாவியை சாதிக்கிடம் கொடுத்தேன். "தொலைஞ்சு போச்சுன்னு சொன்னீங்களே மேடம்," என்றான்.

"பொய் சொன்னேன்."

வாங்கிக்கொண்டான். நன்றி சொல்லவில்லை. முகத்தைக் கூடப் பார்க்கவில்லை. அவனை எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. ஆனால் அவன் செய்தது சரி.

மெய்ப்பில் நாலாம் நம்பர் படத்தின் குறுக்கே ‘கொல்லும், தொடாதே’ என்று சிவப்பு மையில் எழுதினேன். அச்சடிக்க வேண்டாம், பழைய இருநூறையும் வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்க வேண்டும் என்று கடிதம் வைத்தேன். அந்த வீடுகளுக்கு நானே போகிறேன் என்றும் எழுதினேன். செவனம்மா வீட்டுச் சுவரிலிருந்து அதை எப்படிக் கிழிக்கப் போகிறேன் என்று தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் என்னை மன்னிக்கக் கூடாது. மன்னிக்க மாட்டாள்.

நவம்பர் 18, திங்கள்

இன்ஸ்பெக்டர் அவர்களுக்கு,

அறிக்கை ஒரு பக்கம்தான். அது ஆளைக் கொல்லும் காளான். தின்னலாம் என்று அந்த ஊருக்குச் சொன்னவள் நான். நல்ல காளான் என்று ஐந்தாம் தேதி டாக்டரிடம் சொன்னவளும் நான். ஒன்பதாம் தேதி சாட்சியத்தைக் குப்பையில் போட்டவளும் நான். செவனம்மா செய்தது என் பேச்சை நம்பியது மட்டும்தான்.

அறிக்கையில் இவ்வளவுதான் எழுத வருகிறது. அதனால் இந்த டைரியையும் சேர்த்து அனுப்புகிறேன். மூன்றாம் தேதியிலிருந்து படியுங்கள். ஒரு வரியையும் நான் அடிக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் போலீஸ்காரியை இன்றைக்கே திருப்பி அழைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளையிடம் யாராவது சொல்ல வேண்டும், அம்மா விரதம் இருந்ததால் சாப்பிடவில்லை, வேறு காரணம் இல்லை என்று. வாசலில் போலீஸ் நிற்கிறவரை அவள் அதை நம்ப மாட்டாள்.

அட்டையில் வெள்ளையாக ஒரு விரல் தடம் இருக்கும். துடைத்துவிடாதீர்கள்.